மஞ்சள் கடவை

"வெளிநாட்டுக்குச் சுற்றுலா போனால், காரை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாமா?" என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். மலேசியா, துபாய், இலங்கை என்று பிள்ளைகள் விடுமுறைக்குத் திட்டம் போடும் காலம் இது. என்னிடம் கேட்பவர்களுக்கு "ஓட்டலாம்" என்றுதான் பதில் சொல்கிறேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதில்லை. கண்டியில் எனக்கு நேர்ந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சொல்வதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. ஆனாலும் கேட்டவர் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவார் அல்லவா, அது போதும்.

என் உம்மா பிறந்தது கண்டியில். உம்மாவின் வாப்பா, காயல்பட்டினத்திலிருந்து போய் அங்கே கொழும்பு வீதியில் துணிக்கடை வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் எங்கள் கடற்கரை ஊர்களில் இலங்கையோடு வியாபாரத் தொடர்பு இல்லாத குடும்பம் அபூர்வம். 1948 இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு, இந்திய வியாபாரிகள் விசாவை நம்பி வாழ வேண்டியவர்கள் ஆனார்கள். பாட்டனாருக்கு விசா நீட்டிக்கப்படாமல் போன ஆண்டு 1957. கடையைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி ஊர் வந்து சேர்ந்தார்கள். அப்போது உம்மாவுக்கு 13 வயது. அந்தக் கப்பல் துறையையே 1964 டிசம்பர் புயல் கொண்டுபோய்விட்டது. உம்மா மட்டும் கண்டியை விடவில்லை. நல்ல மழை பெய்தால் "கண்டி மழை மாதிரி இருக்கு" என்பார்கள். தேத்தண்ணீர் திக்காக இருந்தாலும் கண்டி, குளிர் கொஞ்சம் கூடினாலும் கண்டி.

"உம்மாவை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போக வேண்டும்" என்று பல வருடமாக நினைத்தோம். 2019 இல் டிக்கெட் எடுக்கும் நேரத்தில் ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பு. அடுத்த வருடம் கொரோனா. 2022 இல் அங்கே பெட்ரோலுக்கு மைல் கணக்கில் வரிசை. கியூஆர் அட்டை காட்டினால் வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்ற கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடு 2023 இல் விலகியது. உம்மாவுக்கு 80 ஆகிவிட்டது. இனித் தள்ளிப்போடக் கூடாது என்று 2024 மே மாதக் கடைசி வாரத்தில் புறப்பட்டோம். உம்மா, நான், என் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் ஆக நான்கு பேர்.

கார் விஷயத்தில் தொடக்கத்திலேயே எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு. "அங்கே டிரைவரோடயே கார் கிடைக்குதாம். வயசானவங்களை வச்சிக்கிட்டு நீங்க ஏன் கஷ்டப்படணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. செலவும் பெரிதாக வித்தியாசப்படாது. ஆனால் 30 வருடமாகக் கார் ஓட்டுகிறவன் நான். ஊருக்கும் சென்னைக்கும் இரவோடு இரவாக ஓட்டிப் பழகியவன். "நம்மளப் போலத்தான் அவங்களும் இடது பக்கம் ஓட்டுறாங்க. ஸ்டீயரிங் வலது பக்கம். என்ன பெரிய வித்தியாசம் வந்துடப் போகுது?" என்று வாயை அடைத்துவிட்டேன்.

காகித வேலையைக் குறை வைக்காமல் செய்தேன். நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கினேன். ஓராண்டுக்குச் செல்லும். ஆனால் இலங்கையில் அது மட்டும் போதாது. அங்கே ஓட்டுவதற்கு அந்த நாட்டு ஒப்புதலும் வேண்டும். கொழும்பில் காலி முகத்திடலுக்குப் பக்கத்தில், சேர் முகம்மது மாக்கான் மாக்கார் மாவத்தையில் இருந்த ஆட்டோமொபைல் சங்க அலுவலகத்தில் அதைப் பெற்றுக்கொண்டேன். நம்மவர் பெயரில் ஒரு வீதி என்று மகள் பெயர்ப் பலகையோடு படம் எடுத்துக்கொண்டாள். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தற்காலிக உரிமம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். இனிப் போகிறவர்கள் புறப்படுமுன் அன்றைய விதியை விசாரித்துக்கொள்வது நல்லது. காரணம், உரிமம் சரியாக இல்லாவிட்டால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது.

கார் ஒரு வேகன் ஆர். ஜப்பானிலிருந்து வந்தது, ஆட்டோமேட்டிக். உரிமையாளர் கொழும்புக்காரர், நம் சகோதரர்தான். 50,000 இலங்கை ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார். காரைச் சுற்றி வந்து ஏற்கெனவே இருந்த கீறல்களை எல்லாம் என்னையே படம் எடுக்கச் சொன்னார். "நாநா, மலை எறங்கக்கொள்ள பிரேக்க மட்டும் நம்ப வேணாம். கியர கொறச்சுப் போடுங்கோ. டவுனுக்குள்ள 50, வெளியில 70. மஞ்சள் கடவைய மட்டும் கவனம்" என்றார். நான் தலையாட்டினேன். மற்றதெல்லாம் காதில் விழுந்தது. கடைசியாகச் சொன்னதுதான் விழவில்லை.

மஞ்சள் கடவை என்பது ரோட்டைக் கடக்கிறவர்களுக்காகப் போட்ட பட்டைக் கோடு. நாம் ஜீப்ரா கிராசிங் என்கிறோம். அங்கே மஞ்சள் வண்ணத்தில் இருந்ததால் அந்தப் பெயர். வெள்ளையாக இருக்கும் இடத்திலும் பெயர் மாறவில்லை.

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏ 1 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 116 கிலோ மீட்டர். வெசாக் பண்டிகை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கு வீடு கட்டியிருந்த காகிதக் கூடுகள் மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தன. கஜுகம என்ற ஊரில் ரோட்டோரம் வரிசையாக முந்திரிப் பருப்பு விற்கும் பெண்கள். ஊர்ப் பெயர்ப் பலகைகளில் சிங்களத்துக்குக் கீழே நம் தமிழ். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெட்ரோல் மட்டும் லிட்டருக்கு நம் பணத்தில் 100 ரூபாய் அளவில் வந்தது. அங்கும் இங்கும் ஒரே விலைதான் என்று சிரித்துக்கொண்டோம்.

வழியில் ஒன்றைக் கவனித்தேன். பெரிய பெரிய வண்டிகள்கூட, கோட்டின் ஓரத்தில் ஒரு ஆள் நின்றால் நின்று வழிவிட்டன. எனக்கு முன்னால் போன லாரி அப்படி ஒரு கிழவிக்காக நின்றது. நான் பழக்க தோஷத்தில் ஹார்னை அழுத்திவிட்டேன். கிழவி திரும்பிப் பார்த்தாள். லாரிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "வாப்பா, இங்கே பஸ்காரங்களைத் தவிர யாருமே ஹார்ன் அடிக்கிறதில்லை" என்றாள் மகள் பின்னாலிருந்து. "சரி சரி" என்றேன்.

கடுகண்ணாவையில் மலை ஏறுகிறது. ஆங்கிலேயர் காலத்தில், 1820 களில் வெட்டிய பாதை இது. வழியை மறித்த ஒரு பாறையைக் குடைந்து அதன் வயிற்றுக்குள் ரோட்டைக் கொண்டுபோயிருக்கிறார்கள். இப்போதைய ரோடு பாறைக்குப் பக்கத்தால் போகிறது. பழைய குகை அப்படியே இருக்கிறது. மலையைத் துளைத்து வருகிறவனால்தான் கண்டியைப் பிடிக்க முடியும் என்று அக்காலத்தில் ஒரு வாக்கு இருந்ததாகச் சொல்வார்கள். ஆனால் கண்டி அரசு 1815 லேயே விழுந்துவிட்டது. துளைத்தது அதற்குப் பிறகுதான்! பாதை போட்ட பொறியாளர் கேப்டன் டாசன், வேலை முடியுமுன்னே 1829 இல் இறந்துபோனார். அவர் நினைவாக மலை உச்சியில் ஒரு கோபுரம் நிற்கிறது. உம்மா மட்டும் இதெதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார்கள். "நாங்க ரயில்லதான் வருவோம். அதுல பயமே தெரியாது" என்றார்கள்.

கண்டி ஊர் ஒரு பெரிய கிண்ணத்தின் அடியில் இருப்பது போல, சுற்றிலும் மலை. நடுவே 1807 இல் கட்டிய ஏரி. அதைக் கட்டிய கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தவர். ஆங்கிலேயர் அவரைக் கைது செய்து நம் வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். 1832 இல் வேலூரிலேயே இறந்தார். அவர் அங்கிருந்து இங்கே வந்தார். எங்கள் பாட்டனார் இங்கிருந்து அங்கே போய்த் திரும்பி வந்தார். கடலின் இரண்டு பக்கமும் இப்படித்தான் பின்னிக் கிடக்கிறது.

ஊருக்குள் ஓட்டுவது லேசான காரியம் அல்ல. வீதிகள் குறுகல், பல வீதிகள் ஒருவழிப் பாதை. தலதா மாளிகைக்கு முன்னால் போகும் வீதியை, 1998 இல் அங்கே குண்டு வெடித்த பிறகு வாகனங்களுக்கு மூடிவிட்டார்கள். அதனால் எல்லா வண்டிகளும் ஏரியைச் சுற்றித்தான் வர வேண்டும். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் முழு ஏரியும் சுற்று. முதல் நாள் மூன்று தடவை சுற்றினோம். உம்மாவுக்கு அதில் சந்தோஷம்தான்.

மறுநாள் காரை நிறுத்திவிட்டு நடந்தே கொழும்பு வீதிக்குப் போனோம். பாட்டனாரின் கடை இருந்த இடம் எது என்று உம்மாவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு செல்போன் கடைக்கு முன்னால் நின்று, "இதுவாத்தான் இருக்கணும். இந்தப் படி ஞாபகம் இருக்கு" என்றார்கள். உள்ளே இருந்த பையன் விஷயத்தைக் கேட்டு நாற்காலி கொடுத்தான். மீரா மகாம் பள்ளிவாசலில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு நான் வந்தபோதும் உம்மா அதே நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது.

கட்டுகஸ்தோட்டை வழியாக அக்குறணைக்குப் புறப்பட்டோம். உம்மாவின் சிறு வயதுத் தோழி ஒருவரின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். பகல் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். கிளம்பவே தாமதம். மணி ஒன்றரை. இலங்கையில் பள்ளிக்கூடம் காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விட்டுவிடும். ரோடெங்கும் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள். தூறலில் ரோடு பளபளவென்று இருந்தது.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மஞ்சள் கடவை. ஓரத்தில் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, முதுகில் அவளைவிடப் பெரிய பை, கையில் குடை. நான் அவளைப் பார்த்தேன். இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பார்க்காமல் போனேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை. பார்த்தேன், அவள் நிற்பாள் என்று நினைத்தேன். நம் ஊரில் பிள்ளைகள் நிற்பார்கள். வண்டி போன பிறகுதான் கடப்பார்கள். அப்படித்தான் நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு அவள் ஊரில் சொல்லிக் கொடுத்தது வேறு. கோட்டில் காலை வைத்தால் வண்டி நிற்கும். அவள் என்னைப் பார்த்தாள், குடையைக் கொஞ்சம் உயர்த்தினாள், நடக்கத் தொடங்கினாள்.

"மச்சான்!" என்று மனைவி அலறியது காதில் கேட்டது. பிரேக்கில் ஏறி நின்றேன். ஈர ரோட்டில் கார் இழுத்துக்கொண்டு போய், கோட்டுக்குள் பாதி நுழைந்து நின்றது. சிறுமிக்கும் காரின் மூக்குக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். குடை அவள் கையிலிருந்து விழுந்து, பானட்டில் பட்டு உருண்டது. அதே நொடியில் பின்னால் "தடார்" என்று ஒரு இடி. முச்சக்கர வண்டி ஒன்று எங்கள் மேல் மோதியிருந்தது.

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கால் நடுங்கியது. இறங்க வேண்டும் என்று மூளை சொல்கிறது, உடம்பு கேட்கவில்லை. எனக்கு முன்னே இறங்கியது 80 வயது உம்மாதான். கதவைத் திறந்து, துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, தூறலில் அந்தப் பிள்ளையிடம் போனார்கள். அவள் அழவில்லை. சிலை போல நின்றாள். உம்மா குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டு, "பய வென்ன எபா துவே, பய வென்ன எபா" என்றார்கள்.

பயப்படாதே மகளே என்று அர்த்தமாம். உம்மாவுக்குச் சிங்களம் தெரியும் என்பதே எங்களுக்குத் தெரியாது. உம்மாவே அது மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தார்கள். 67 வருடத்துக்குப் பிறகு, தேவைப்பட்ட நேரத்தில் அல்லாஹ் அதை அவர்கள் நாவுக்குத் திருப்பிக் கொடுத்தான். அதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பிள்ளை அழுதது.

கூட்டம் சேர்ந்தது. பள்ளி வாசலில் நின்ற ஓர் ஆசிரியை ஓடி வந்து சிறுமியை அணைத்துக்கொண்டார். யாரும் என்னை அடிக்க வரவில்லை, ஏசவில்லை. ஒரு பெரியவர் மட்டும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே இருந்த கோட்டைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு ஏச்சே மேல்.

முச்சக்கர வண்டியை ஓட்டி வந்தவர் ஒரு தமிழ் இளைஞர், தோட்டத்துப் பக்கத்துப் பிள்ளை. முன்விளக்கு நொறுங்கி, மட்கார்டு உள்ளே போயிருந்தது. எங்கள் காரில் பின்பக்க பம்பர் வெடித்திருந்தது. அவர் என் அருகில் வந்து சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "என் மேலதான் பிழை சார். பின்னால வந்தவன் நான்தானே, தூரம் விட்டு வந்திருக்கணும். லீசிங்ல எடுத்த ஓட்டோ சார். பொலிசுக்கு மட்டும் போக வேணாம். பம்பருக்கு எவ்வளவுன்னு சொன்னா கொஞ்சம் கொஞ்சமா குடுத்திடுறேன்."

சட்டப்படி அவர் சொன்னது சரிதான். பின்னால் வருகிறவர்தான் இடைவெளி விட வேண்டும். எங்கும் அப்படித்தான். அங்கே நின்றவர்களில் ஒருவர்கூட எனக்குச் சாதகமாகத் தமிழில் பேசினார்: "நீங்க நின்டது சரிதானே, புள்ளைக்கித்தானே நின்டீங்க."

வாசகர்களிடம் உண்மையைச் சொல்கிறேன். அந்த ஒரு நிமிடம் என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? 50,000 ரூபாய் முன்பணம். கார்க்காரரிடம் "பின்னால் ஒருவர் மோதிவிட்டார்" என்று சொன்னால் பொய்யும் ஆகாது. மோதியது அவர்தானே! வெளியூர்க்காரன், பிள்ளைக்காக நின்றவன் என்ற நல்ல பெயரும் கிடைக்கும். எல்லாம் கணக்காக இருந்தது.

"உம்மா, கார்ல ஏறுங்க, நனையுறீங்க" என்றேன். உம்மா ஏறவில்லை. அந்த இளைஞரைப் பார்த்தார்கள், அவருடைய வண்டியைப் பார்த்தார்கள். பிறகு என்னிடம் மெதுவாக, "அந்தப் பிள்ளை கால எடுத்து வச்சப்பவே நீ பார்த்துட்ட. நிறுத்தணும்னு நீ நினைக்கல. இவன் என்ன வாப்பா செய்வான்?" என்றார்கள்.

பின் சீட்டில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? 30 வருடமாக நான் ஓட்டும் காரில் உட்கார்ந்து வருகிறவர்கள். எந்த இடத்தில் என் கால் எதை மிதிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தம்பியிடம் போனேன். "தம்பி, பிழை என்னுடையது. நான் முன்னாலேயே வேகத்தைக் குறைச்சிருந்தா நீங்களும் குறைச்சிருப்பீங்க. கடைசி நொடியில நின்னது நான்" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. ஏதோ வேறு விதமாகப் பணம் கேட்கப் போகிறேன் என்று பயந்துவிட்டார். பக்கத்திலிருந்த கராஜுக்கு நானும் கூடவே போனேன். விளக்கு மாற்றி, மட்கார்டை நிமிர்த்த 8,000 இலங்கை ரூபாய் சொன்னார்கள். நம் பணத்தில் 2,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். கொடுத்தேன். அன்று பகல் அவருக்கு ஓட்டம் போனதற்கும் சேர்த்துக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார். "நீங்க பிழைன்னு சொன்னதே போதும் சார்" என்றார்.

அந்த வார்த்தையில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நான் சொன்னது என் வார்த்தை இல்லையே, உம்மா சொல்ல வைத்தது.

கொழும்புக்குப் போன் போட்டேன். கார்க்காரரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. "புள்ளைக்கி ஒண்டும் இல்லத்தானே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அல்ஹம்துலில்லாஹ். பம்பர பொறகு பார்ப்போம்" என்றார். திரும்பக் கொடுக்கும்போது 15,000 ரூபாயைக் கழித்துக்கொண்டார். அது நியாயமான தொகைதான். வாடகைக்கு எடுத்த பொருள் நம் கையில் இருக்கும் அமானிதம். அதில் பட்ட சேதத்துக்கு யார் மேல் பழி போடலாம் என்று தேடத் தொடங்கினால் அமானிதம் போய்விடுகிறது.

அன்று மாலை ஊருக்குத் திரும்பும்போது என் வேகம் 30 ஐத் தாண்டவில்லை. காரில் பேச்சில்லை. விடுதிக்குப் போகாமல், "மார்க்கெட் பக்கம் விடு. ஒன்னு காட்டணும்" என்றார்கள் உம்மா. மத்திய சந்தைக்கு அருகில், பஸ்கள் வந்து திரும்பும் இடத்தில், கண்டியின் மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. நான் இரண்டு நாளும் அதை வழி அடையாளமாக மட்டும்தான் பார்த்திருந்தேன். கோபுரத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பு, அவ்வளவுதான்.

"இது யாரு கட்டினதுன்னு தெரியுமா?" என்று பேத்தியிடம் கேட்டார்கள். அரசாங்கம் என்றாள் அவள். இல்லை. ஹாஜி முகம்மது இஸ்மாயில் என்ற நம் சகோதரர், ஒரு விபத்தில் இறந்துபோன தன் மகன் முகம்மது ஸக்கி இஸ்மாயில் நினைவாகக் கட்டிக் கொடுத்தது. 1950 டிசம்பரில் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க திறந்து வைத்தார். அப்போது உம்மாவுக்கு ஆறு வயது. வாப்பாவின் தோளில் இருந்து கூட்டத்தைப் பார்த்ததாகச் சொன்னார்கள். "வாப்பா அன்னைக்கு ராத்திரி எங்க உம்மாகிட்ட சொன்னாங்க: மணிக்கூடு ஊருக்கு நேரத்தைக் காட்டும், அந்த மனுசருக்கு மட்டும் அது மகனைத்தான் காட்டும்னு. எனக்கு அப்ப விளங்கல."

நாங்கள் மேலே பார்த்தோம். மணி ஆறேகால். கீழே பஸ்களின் இரைச்சல், வீடு போகிற சனங்களின் அவசரம். எங்களில் யாரும் எதுவும் பேசவில்லை. ஒன்றரை மணிக்கு அந்த ஒரு முழம் இல்லாமல் போயிருந்தால், கட்டுகஸ்தோட்டை ரோட்டில் ஒரு வீட்டில் இந்நேரம் என்ன நடந்துகொண்டிருக்கும் என்பதைத்தான் நான்கு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த வீட்டாருக்குக் கோபுரம் கட்ட வசதி இருந்திருக்காது. துக்கம் மட்டும் அதே அளவில் இருந்திருக்கும்.

மறுநாள் பேராதனைப் பூங்காவுக்குப் போனோம். 1821 லிருந்து அதே இடத்தில் இருக்கும் பூங்கா. உம்மா சக்கர நாற்காலியில் வலம் வந்தார்கள். எல்லாரும் பழையபடி சிரித்துப் பேசினோம். மலை இறங்கும்போது கார்க்காரர் சொன்னபடி கியரைக் குறைத்துப் போட்டேன். இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறிப் பிடிமானம் போய்விடும். கியரைக் குறைத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஒவ்வொரு மஞ்சள் கடவையிலும் நின்றேன். ஆள் இல்லாத கடவையிலும் வேகத்தைக் குறைத்தேன். மகள் சிரித்தாள், சிரிக்கட்டும்.

2025 நவம்பரில் டிட்வா புயல் மழையில் கண்டிப் பக்கம் மலைகள் சரிந்து, எத்தனையோ உயிர்கள் போயின. புயலுக்குச் சில நாள் முன்பே கடுகண்ணாவையில் மண் சரிந்து, நாங்கள் போன அதே பாதை அடைபட்டது. செய்தி கேட்டதும் உம்மா முதலில் கேட்டது கொழும்பு வீதியை அல்ல, அக்குறணைத் தோழியின் வீட்டையும் அல்ல. "அந்தக் குடைப் பிள்ளை வீடு எந்தப் பக்கமோ?" என்றார்கள். பெயர்கூடத் தெரியாத அந்தப் பிள்ளைக்காக அன்று இரவு துஆ செய்தார்கள். நானும் ஆமீன் சொன்னேன்.

வெளிநாட்டில் கார் ஓட்டப் போகிற சகோதர சகோதரிகளுக்கு நான் சொல்வது இதுதான். உரிமம், இன்சூரன்ஸ், முன்பணம், ஏற்கெனவே உள்ள கீறல்களின் படம் எல்லாம் அவசியம். சரியாகச் செய்துகொள்ளுங்கள். ஆனால் இடது பக்கம் ஓட்டுகிறார்களா வலது பக்கம் ஓட்டுகிறார்களா என்பதை மட்டும் கேட்டுவிட்டு, எல்லாம் தெரிந்துவிட்டது என்று புறப்படாதீர்கள். அந்த ஊரில் நடந்து போகிறவன் வண்டியிடம் என்ன எதிர்பார்க்கிறான் என்று கேளுங்கள். அது எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது. முதல் நாள் ஓர் இடத்தில் நின்று அரை மணி நேரம் ரோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். என்னைப் போல 30 வருட அனுபவத்தை நம்பாதீர்கள். அந்த அனுபவம் நம் ஊருக்கு.

நம் ஊருக்காவது அது சரியா என்ற சந்தேகமும் எனக்கு இப்போது வந்துவிட்டது. பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதையும் ஈமானில் சேர்த்துப் படித்தவர்கள் நாம். அந்தப் பாதையில் நாமே முள்ளாகப் போகலாமா?

ஊர் திரும்பிய வாரம், பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கோட்டருகே காரை நிறுத்தினேன். பின்னால் மூன்று வண்டிகள் ஹார்ன் அடித்தன. ரோட்டோரம் ஒரு சிறுமி நின்றிருந்தாள். அவளுக்காகத்தான் கார் நிற்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், அசையாமல் நின்றாள். கையைக் காட்டி, "போம்மா, போ" என்றேன். நம்பாமலே, ஓடிக் கடந்தாள்.

இப்போது தினமும் அதே நேரத்தில் நிறுத்துகிறேன். இன்னும் ஓடித்தான் போகிறாள். ஒரு நாள் நடந்து போவாள், இன்ஷா அல்லாஹ்.